தொடாத கையும் பாடும் பெட்டியும்

எங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. சுவரில் ஆணியடித்துச் செப்புக் கம்பியொன்றை ஏரியலாகக் கட்டியிருக்கிறார் அப்பா. பாட்டு ஓடும்போது நான் அந்தக் கம்பிக்கு அருகே போனால் பெட்டி கரகரக்கும்; சில வேளை சீழ்க்கை அடிக்கும். கிட்டப் போகாதே என்று அப்பா தறியில் இருந்தபடியே அதட்டுவார்.

கல்லூரிக்கு வந்த பிறகும் அதே அதட்டல்தான்! ஆய்வகத்தில் மின்தேக்கியின் அளவெடுக்கும் சோதனையன்று, நான் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அளவு மாறிற்று. கையை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார் பேராசிரியர். மனித உடம்பும் ஒரு மின்தேக்கித் தகடுதான், அது நெருங்கினால் அளவு பிழைபடும் என்று விளக்கினார். பதிவேட்டில் பிழைக்கான காரணம் என்ற இடத்தில் அதையே எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டேன். அந்தப் பிழையையே பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஒருவர் இருந்தார் என்பதை அன்று நான் அறியேன். எங்கள் நூலகத்தின் ஒரு மூலையில்தான் அவரைச் சந்தித்தேன். அவர் பெயர் லியோன் தெரெமின்.

1896இல் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை இளமையிலேயே பயின்றார். பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் படித்தார். புரட்சி முடிந்து நாடே பசியில் கிடந்த 1920ஆம் ஆண்டில், பெட்ரோகிராடில் அறிஞர் யோஃபேயின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. வாயுக்களின் மின்காப்புத் தன்மையை அளக்க ஒரு கருவி செய்தார். அளவு மாறுவதைக் காதால் கேட்டறிய, ஒலி எழுப்பும் அமைப்பையும் அதில் சேர்த்தார். கையை அருகே கொண்டுபோனால் சுருதி மாறியது. நானாக இருந்திருந்தால் தள்ளி நின்றிருப்பேன். அவரோ தள்ளி நிற்கவில்லை. கையை முன்னும் பின்னும் அசைத்து, தாம் அறிந்த மெட்டுகளை வாசிக்கத் தொடங்கிவிட்டார்!

கருவியின் தத்துவம் நம் பாடப்புத்தகத்தில் உள்ள விம்மல்தான். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட இரண்டு அலையியற்றிகள். ஒன்று மாறாதது. மற்றொன்று ஏரியல் கம்பியோடு இணைந்தது. ஒன்று 3,00,000, மற்றது 3,00,440 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமான 440 மட்டும் நம் காதில் விழும். கை கம்பியை நெருங்கும்போது மின்தேக்குத் திறன் மிகச் சிறிதளவு மாறுகிறது. ஆனால் அந்தச் சிறிதளவே வித்தியாச ஒலியைக் கீழ்ச்சுருதியிலிருந்து மேலே தூக்கிவிடப் போதும். வலக்கைக்கு நிமிர்ந்த கம்பி, அது சுருதிக்கு. இடக்கைக்கு வளையக் கம்பி, அது ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும். தொடுவதற்கு அதில் நரம்பும் இல்லை, கட்டையும் இல்லை.

1922இல் லெனின் முன்னிலையில் இதை வாசித்துக் காட்டினார். லெனினும் கையை அசைத்து வாசித்துப் பார்த்தாராம். பிறகு 1927இல் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின், லண்டன், பாரிஸ் எனச் சுற்றி, ஆண்டு முடிவில் அமெரிக்கா சேர்ந்தார். 1928இல் அங்கே காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் சுமார் 500 கருவிகளைச் செய்து விற்பனைக்கு விட்டது. யார் வேண்டுமானாலும் எளிதில் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அது பெரிய பொய்! கையை வைக்க ஆதாரமே இல்லாத வெட்டவெளியில் சுருதியைப் பிடிக்க வேண்டும். தலையை ஆட்டினாலும் பாட்டு நழுவும். போதாக்குறைக்கு 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்து சேர, விற்பனை படுத்துவிட்டது.

அக்கருவியைப் பழக்கியவர் கிளாரா ராக்மோர் என்ற பெண்மணி. சிறுவயதிலேயே வயலினில் சிறந்தவர். கையில் ஏற்பட்ட கோளாறினால் அதைக் கைவிட நேர்ந்தது. வில்லைப் பிடிக்க முடியாத கை, காற்றைப் பிடித்துக்கொண்டது! உடம்பைச் சிலைபோல் நிறுத்தி, விரல்களை மட்டும் விரித்தும் மடக்கியும் சுரம் பிடிக்கும் முறையை அவரே வகுத்தார். அவருடைய 18ஆம் பிறந்தநாளுக்குத் தெரெமின் ஒரு கேக் செய்து தந்தார். அவர் அருகில் வந்ததும் அது சுழலும், மேலே விளக்கு எரியும். தெரெமின் அவரை மணக்க விரும்பினார். அவரோ வேறொருவரை மணந்தார். கருவியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது தெரெமினின் இன்னொரு படைப்பு. டெர்ப்சிடோன் என்று பெயர். கிரேக்கர்களின் நடனத் தேவதை டெர்ப்சிகோரின் பெயரால் அமைந்தது. இதில் கம்பிக்குப் பதில் ஒரு மேடை. மேடைக்கு அடியில் உலோகத் தகடு. மேலே ஆடுபவரின் முழு உடம்பும் மறு தகடு. கைகளை உயர்த்தி எழுந்தால் சுருதி ஏறும். குனிந்து தாழ்ந்தால் இறங்கும். பாட்டுக்கு ஆடுவதே உலக வழக்கம். இங்கே ஆட்டத்துக்குப் பாட்டு! தரையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

1932இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இதை மேடையேற்றினார். நடனக் கலைஞர்களால் அதில் சரியான சுரத்தை நிறுத்த முடியவில்லை. எனவே நடனக்காரி அல்லாத கிளாராவே ஏறி ஆடி, பாக்கும் கூனோவும் அமைத்த ஆவே மரியாவை உடம்பால் வாசித்தார். ஏன் அப்படி? ஆட்டத்தில் ஓர் இமைப்பொழுது தள்ளாட்டம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தரைக்குத் தெரிந்துவிடும். எங்கள் அப்பா நெய்யும்போது மிதி ஒன்று தவறினால் பார்க்கும் எனக்குத் தெரியாது; துணியில் தெரியும். தறியில் அமர்ந்தவனின் கால், கை, முதுகு எல்லாம் சேர்ந்துதான் புடவை என்பதை நான் அறிந்தவன். ஆகையால் டெர்ப்சிடோன் தோல்வி என்று நூல்கள் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை. அது ஆடுபவரிடம் நெசவாளியின் உடம்பைக் கேட்டது, அவ்வளவுதான்.

லவீனியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரைத் தெரெமின் மணந்தார். நிறபேதம் தலைவிரித்தாடிய அந்நாளில் பழைய நண்பர்கள் பலர் விலகிக்கொண்டனர். 1938இல் அவர் திடீரென ருஷ்யா திரும்பினார். கடன் தொல்லை என்பாரும் உண்டு, கடத்திப் போனார்கள் என்பாரும் உண்டு. மனைவி உடன் செல்லவில்லை. இருவரும் மீண்டும் சந்திக்கவுமில்லை. மறு ஆண்டே கைது. கொலிமாவின் கொடுங்குளிர் முகாமுக்கு அனுப்பினார்கள். பின்னர், சிறைப்பட்ட விஞ்ஞானிகளை வேலை வாங்கும் இரகசிய ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் அவர் இறந்துவிட்டதாகவே நம்பினார்கள்.

இனிச் சொல்வது கசப்பானது. 1945இல் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு, அமெரிக்க முத்திரை செதுக்கிய மரப்பலகை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதரின் மாஸ்கோ இல்லத்தில் அது தொங்கியது. உள்ளே தெரெமின் வடித்த ஒட்டுக்கேட்கும் கருவி! மின்கலம் இல்லை, இணைப்புக் கம்பி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் விழிக்கும். அறையில் பேசும் குரலுக்கு ஒரு மெல்லிய தகடு அதிரும். மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றம் அலையில் ஏறி வெளியே போகும். கையின் அசைவைப் பாடலாக்கிய அதே விதிதான், எழுத்துப் பிசகாமல்! 1952இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 1947இல் அவருக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்திருந்தது.

இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியவில்லை. சிறையில் இருப்பவனுக்கு மறுக்கும் உரிமை ஏது? ஆனால் விடுதலைக்குப் பிறகும் உளவுத்துறையிலேயே பல ஆண்டுகள் பணி செய்தார் என்று படித்தபோது, போட வந்த மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். இன்றும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியின் திரையும் விரலின் மின்தேக்குத் திறனைக் கொண்டுதான் நம்மை அறிகிறது. அது விளையாட்டுத் தோழனா, ஒட்டுக்கேட்கும் மரப்பலகையா? விடுதி அறையில் நாங்கள் இதைப் பற்றி ஓர் இரவு முழுதும் சண்டை போட்டோம்.

பின்னாளில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் பணி கிடைத்தது. மீண்டும் கருவிகள் செய்தார். 1967இல் அமெரிக்க நாளேடொன்று அவர் உயிரோடிருப்பதை எழுதிற்று. அந்த ஒரு கட்டுரையால் வேலை போயிற்று, கருவிகளையும் உடைத்தெறிந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1965இல், நியூயார்க்கில் ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்காமும் மேடையெங்கும் ஏரியல் கம்பிகளை நட்டு, ஆடுபவர் நெருங்க ஒலி எழும்படி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். கம்பிகளைச் செய்து தந்தவர் ராபர்ட் மூக். இளம் வயதில் தெரெமின் கருவிகளைச் செய்து விற்றுத் தொழில் கற்றவர்.

1991இல், தமது 95ஆம் வயதில், தெரெமின் மீண்டும் நியூயார்க் போனார். கிளாராவைக் கண்டார். 1993 நவம்பர் 3ஆம் நாள் மாஸ்கோவில் காலமானார். முதுமையில் உறவுக்காரச் சிறுமி லிடியா கவீனாவுக்கு அவளுடைய ஒன்பது வயதிலிருந்து அந்தக் கருவியைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் வளர்ந்து பல நாட்டு மேடைகளில் அதை வாசித்தார்.