எழுத்தறியாதவர் கேட்ட பள்ளிக்கூடம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறையை ஒழித்து அரச ஆணை பிறந்தது 1855-ஆம் ஆண்டில். எட்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்ட் 28 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் அய்யன் - மாலா இணையருக்கு மகனாகப் பிறந்தார் அய்யன்காளி. சட்டத்தின் கண்ணில் அவர் சுதந்திர மனிதர். ஆனால், பொதுச் சாலையில் நடக்கவும் சந்தைக்குள் நுழையவும் இடுப்புக்கு மேல் துணி உடுத்தவும் அவருடைய மக்களுக்கு உரிமை இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் வந்த புலையர்கள், ஆணைக்குப் பின்னரும் அதே வயலில், அதே தம்பிரானுக்கு, அதே நெல் கூலிக்கு உழைத்தார்கள்.

அந்த நாட்டின் சமய முகம் கவனிக்கத்தக்கது. 1750-இல் மார்த்தாண்ட வர்மர் தம் அரசு முழுவதையும் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக எழுதிக் கொடுத்தார். அதுமுதல் மன்னர்கள் தங்களைப் பத்மநாப தாசர் என்று அழைத்துக்கொண்டனர். தாசன் என்றால் அடிமை. இறைவனுக்கு அடிமை என்று சொல்லிக்கொண்டவரின் ஆட்சியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் மனிதர்களுக்கு அடிமைகளாக இருந்தார்கள். அரசே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது தீட்டின் கணக்கு. நாற்று நட்ட கை புலையருடையது; களை பறித்ததும், கதிர் அறுத்ததும், களத்தில் போரடித்ததும் அதே கைதான். அந்த நெல் அரிசியாகி மடைப்பள்ளிக்குப் போய் நைவேத்தியமாகும்போது அதில் தீட்டு இல்லை. அதே கைக்குப் பிறந்த குழந்தை பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தால் தீட்டு வந்துவிடுகிறது. நெல்லைத் தொடும் உழைப்பு இல்லாமல் நிலவுடைமை வாழாது. எழுத்தைத் தொட்ட உழைப்பாளி பழைய கூலிக்கு வயலில் இறங்கமாட்டான். தீட்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்ததில் சாத்திரத்தைவிட இந்தக் கணக்குக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

அய்யன்காளியின் குடும்பத்துக்குச் சிறிதளவு நிலம் இருந்தது. புலையர்களிடையே அது அரிய வாய்ப்பு. அந்த வசதியால்தான் 1893-இல் அவரால் ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் வாங்க முடிந்தது. வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு, மணியோசை கேட்க, தடுக்கப்பட்ட பொதுச் சாலையில் வண்டியை ஓட்டிச் சென்றார். பின்னர் பாலராமபுரம் சாலியர் தெருவில் நடந்த மோதலில் இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது. இந்த வண்டிப் பயணமே பலரும் அறிந்த கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அதன் பிறகு அவர் கேட்ட பள்ளிக்கூடம்.

அவருக்கு எழுத்து தெரியாது. கடைசி வரை அவர் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளஸ், எஜமானருக்குத் தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படித்து, பின்னர் அடிமை உடைமையாளர்களின் போலிப் பக்தியை எழுத்தாலேயே தோலுரித்தவர். அந்த ஆயுதம் அய்யன்காளியின் கையில் இல்லை. 1904-இல் வெங்ஙானூரில் அவர் ஒரு கொட்டகைப் பள்ளியைத் தொடங்கினார். அதை எரித்தார்கள், மீண்டும் கட்டினார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு இசைந்த பிறகும், ஆணை காகிதத்தில் கிடந்ததே தவிர வகுப்பறைக்கு வரவில்லை.

அப்போதுதான் அவர் வேலைநிறுத்தத்தை அறிவித்தார். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் இல்லையென்றால் நாங்கள் வயலில் இல்லை என்பதே அதன் சாரம். 1907-08-இல், நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்றே இல்லாத காலத்தில், நிலமற்ற விவசாயக் கூலிகள் குழந்தைகளின் கல்வியை முதன்மைக் கோரிக்கையாக வைத்து வயலை விட்டு வெளியேறினார்கள். இதற்கு இணையான இன்னொரு போராட்டத்தை நான் படித்த பொருளாதார வரலாற்றில் காணவில்லை. கூலி உயர்வும் கேட்டார்கள். காரணமின்றி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் கேட்டார்கள். அன்றாடம் கூலி நெல் வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பங்களுக்கு வேலைநிறுத்தம் என்பது பட்டினி. பட்டினியைத் தாங்க ஒரு வழி வேண்டுமே! கடற்கரை மீனவர்களிடம் பேசினார் அய்யன்காளி. விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளில் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். நிலக்கிழார்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. வயல்கள் தரிசாகக் கிடந்தன. கடைசியில் அரசு தலையிட்டுச் சமரசம் பேசியது. நிலவுடைமையாளர்கள் இறங்கி வந்தார்கள்.

ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று பெஞ்சில் உட்கார வைத்தபோது, மற்ற பிள்ளைகள் வெளியேறினர். பள்ளி தீக்கிரையானது.

மதத்தின் பெயரால் தடுத்தவர்களை விட்டுவிடுவோம். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை ஊழலையும் திவான் ஆட்சியையும் எதிர்த்து எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பட்டவர். 1912-இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதியவர். அவரே புலையர் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே வகுப்பில் சேர்ப்பதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். மார்க்ஸைப் படித்தவருக்கும் தம் வீட்டு வயலில் நின்ற உழைப்பாளி தெரியாமற்போனார்.

மதம் மாறியவர்களுக்கும் விடிவு எளிதாக வரவில்லை. அடிமைக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான பொய்கையில் யோஹன்னான், திருச்சபைக்குள்ளும் சாதி உட்கார்ந்திருப்பதைக் கண்டு வெளியேறித் தனி இயக்கம் கண்டார். மறுபக்கம், தமிழ்நாட்டிலிருந்து சென்று திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள், அய்யன்காளியைத் தம்முடன் சமபந்தியில் அமர்த்தி உண்டார். சமயத்துக்குள்ளும் இப்படிச் சிலர் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இந்த வரலாற்றைக் கரியாலூரில் இருந்துகொண்டு படிக்கும்போது அது தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை. கல்வராயன் மலையின் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள், கேரளத்தோடு தொடர்பில்லை. பெயரில்தான் ஆட்சி. மலையை மூன்று ஜாகீர்கள் ஆண்டன. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அந்த ஆட்சி முடிந்தது. அதுவரை மக்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்தார்கள், கூலியில்லாத உழைப்பும் கொடுத்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-இல்தான். எனவே, இம்மலையில் இன்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் தாத்தாக்கள், வெட்டி வேலை செய்த தலைமுறையினர். பிழைப்புக்காகப் பெற்றோர் மலையிறங்கும் பருவத்தில் பிள்ளையின் படிப்பும் அவர்களோடு இறங்கிவிடுகிறது. திருவிழாவுக்கு வசூல் தடையின்றி நடக்கிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையைப் பற்றிக் கேட்க ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

அய்யன்காளி 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எழுத்தறியாத அவர் கால் நூற்றாண்டுக் காலம் அங்கு அமர்ந்து, நிலமும் பள்ளியும் கேட்டுக்கொண்டே இருந்தார். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்மாலையை அறுத்தெறிந்ததும் அவர் காலத்து நிகழ்வுதான்.

1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. நாடே கொண்டாடியது. கோயில் கதவைத் திறந்ததால் எந்த வயலிலும் கூலி உயர்ந்துவிடாது என்பதையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்வேன். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தார். எழுபதைத் தாண்டிய அய்யன்காளி அப்போது தெரிவித்த விருப்பம் வேறு: கண்ணை மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைப் பார்த்துவிட வேண்டும்.

1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார். ஊரூட்டம்பலம் பள்ளி இப்போது அவர் பெயரையும் பஞ்சமியின் பெயரையும் தாங்கி நிற்கிறது. தீயில் கருகிய பெஞ்சு ஒன்றை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.