தேர் விற்ற வள்ளல்

ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்னைச் சுமந்த முழங்கால்கள் இப்பொழுது வகுப்பறைப் படியேற மறுக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தை நோக்கிய வைத்தியர், மூட்டுத் தேய்வு இரண்டாம் படியில் நிற்கின்றதென்றார். முதுமையின் தேய்வுக்கும் படி வகுத்தவர் யாவரென்று தேடப் புகுந்தேன். அத்தேட்டத்தின் முடிவில் எதிர்ப்பட்டவர், யாழ்ப்பாணத் தெருக்களில் நாம் கண்டு பழகிய மொறிஸ் மோட்டார் வண்டியின் கர்த்தா.

வில்லியம் மொறிஸ் 1877 இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரிற் பிறந்தார். சத்திர வைத்தியராதல் வேண்டுமென்பது அவரது இளமைக் கனவு. வறுமை அதற்கு இடங்கொடுக்கவில்லை. இளமையிலேயே பள்ளியை விட்டு, 16 ஆம் வயதில் 4 பவுண் முதலுடன் ஒக்ஸ்போர்டில் துவிச்சக்கரவண்டி திருத்தத் தொடங்கினார். 1913 இல் அவருடைய முதல் மோட்டார் வண்டி வெளிவந்தது. செல்வம் பெருகியது. 1934 இல் நபீல்ட் பிரபுவானார்.

அவரிடம் குறையில்லையென்று கூறேன். பிற்காலத்திற் பாசிசத் தலைவனாகிய மோஸ்லி புதிய கட்சி தொடங்கிய காலத்தில் அவனுக்கு 50,000 பவுண் கொடுத்தார். அது கையறியாக் கொடை. ஆனால், நிறைவேறாத கனவு அவருடைய கையை நல்வழியிலும் திருப்பியது. ஒக்ஸ்போர்டின் என்பு வைத்தியசாலையைப் புதுப்பித்தார். 1936 இல் அந்நகர்ப் பல்கலைக்கழக மருத்துவத்துறைக்கு 20 இலட்சம் பவுண் ஈந்தார். அதன் பயனாக 1937 இல் கேர்டில்ஸ்டன் என்பார் பிரித்தானியாவின் முதலாவது என்பு மருத்துவப் பேராசிரியரானார்.

1943 இல் ஒரு கோடி பவுண் பெறுமதியான பங்குகளைக் கொண்டு ஒரு நிதியம் நிறுவினார். முதியோர் நலமும் வாதநோய் ஆராய்ச்சியும் அதன் கருமங்களுள் அடங்கின. மன்செஸ்டர் வாதநோய் ஆராய்ச்சி நிலையம் அந்நிதியத்தின் துணையால் எழுந்தது. ஆங்கே கெல்கிரென், லோரன்ஸ் என்னும் இருவரும் கூடி உழைத்தனர். சுரங்கத் தொழிலாளரின் மூட்டுக்களைப் படமெடுத்து ஆராய்ந்தனர். லீ என்னும் நகரின் மக்களையும் பரிசோதித்தனர். 1957 இல் மூட்டுத் தேய்வைப் பூச்சியம் முதல் நான்கு வரை வகுத்தனர். அவ்வளவையே இன்றும் உலகெங்கும் வைத்தியர் கையாளுகின்றனர். என் முழங்காலும் அதனாலேயே அளக்கப்பட்டது.

மூட்டுத் தேய்வு மெல்ல வளரும் நோய். ஒருவர் ஒரு நோயாளியைப் பார்த்து அதனை அறிதல் இயலாது. ஊர் முழுவதையும் பார்த்தல் வேண்டும்; பலர் கூடுதல் வேண்டும்; ஆண்டுகள் பல கழிதல் வேண்டும். உடனே பலன் கேளாத பொருளே அத்தகைய வேலைக்கு உதவும்.

பிள்ளையில்லாத நபீல்ட் பிரபு 1963 இல் மறைந்தார். பட்டமும் அவருடன் ஒழிந்தது. முல்லைக்குத் தேரீந்த பாரியை யான் மாணவர்க்கு முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். தேர் விற்ற பொருளை மூட்டுக்களுக்கு ஈந்தவரையும் இனிச் சேர்த்துச் சொல்வேன். நம்மூர்ச் செல்வர் தம் பெயரைக் கல்லில் வெட்டுவிக்கின்றனர். முதியோர் வலிக்கு மருந்து தேடும் வேலைக்கும் அவர்கள் சிறிது ஈவராயின், பெயர் வெட்டாமலே நிற்கும்.