குடிமைக் கல்விக்கு ஒரு முன்னோடி: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



யூபிலி ஆண்டில் ஆயர்களையும் குருக்களையும் நன்றியோடு நினைக்கும் நாம், பொதுநிலையினர் ஒருவரையும் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826 அக்டோபர் 11 அன்று கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். பின்னர் முன்சீப்பாகித் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார்.

அக்காலத்தில் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலம் ஏன் பறிபோயிற்று என்பதைக்கூட ஏழைக் குடியானவன் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும். சட்டம் அறியாதவன் அதிகாரிக்கும் தரகனுக்கும் அடிமை. இதை நீதிமன்றத்தில் அன்றாடம் கண்ட வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக வெளியிட்டார்.

அதற்கு முன்பே, 1859-இல், நீதிநூலை இயற்றியிருந்தார். இறைவனைப் போற்றித் தொடங்கும் அந்நூலில், ஆள்வோர் இயல்புக்கும் குடிகள் இயல்புக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. கைக்கூலி வாங்குவதையும் அது கடிகிறது. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்திலோ, ஞானாம்பாள் ஆண்வேடத்தில் அரசாளுகிறாள். நல்லாட்சி எது, மக்கள் அறியாத மொழியில் வழக்கு நடத்துவது நியாயமா என்பனவற்றையெல்லாம் கதை வழியாகவே கற்பித்தார். பெண்கல்விக்காகவும் நூல் எழுதினார்.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1876-78 பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். தேவமாதாவின் மீது அந்தாதி பாடிய பக்தரும் அவரே. செபமும் பொதுப்பணியும் அவரிடம் பிரிந்து நிற்கவில்லை. 1889 ஜூலை 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

கல்விக்கூடங்களால் புகழ்பெற்ற நம் பாளையங்கோட்டையில் குடிமையியல் பாடத்திற்குக் குறைவில்லை. ஆயினும் தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது. 1989 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. அந்த வாக்கைப் பணத்துக்கு விற்பது பாவம் என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வது? இளைஞருக்குக் குடிமைப் பயிற்சியும் அரசியல் பயிற்சியும் தேவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவுறுத்தியுள்ளது.

ஆகவே, இந்த யூபிலி ஆண்டில், மறைக்கல்வி வகுப்புக்குப் பின் மாதம் ஒரு மணி நேரம் நமது அரசியலமைப்புச் சட்டத்தைத் தமிழில் பிள்ளைகளோடு வாசிக்க விரும்புகிறோம். பெற்றோரும் உடனிருந்து கற்பார்களாக. வேதநாயகருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.