கணிதமேதை ராமானுஜனின் உயிரைப் பறித்தது காசநோய்தானா? 100 ஆண்டுகள் கடந்தும் தொடரும் கேள்வி

கும்பகோணம் தந்த கணிதமேதை சீனிவாச ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது வெறும் 32. காசநோயால் இறந்தார் என்றுதான் பலரும் படித்திருப்போம். ஆனால், அது உறுதி செய்யப்பட்ட உண்மையா?

கும்பகோணம் டூ கேம்பிரிட்ஜ்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாயின் பிறந்தவீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது எல்லாம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கும்பகோணம், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கர். 2 வயதில் வந்த பெரியம்மையில் இருந்து தப்பினார். 1906-ல் சென்னையில் படிக்கும்போது சீதபேதி வந்து, ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இந்த சீதபேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், 1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குக் கப்பல் ஏறினார். சுத்த சைவம். முதல் உலகப்போரால் உணவுக்கே தட்டுப்பாடு. 1917-ல் படுத்த படுக்கையானார்.

ஒரு நோய், பல சந்தேகங்கள்

முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். புற்றுநோயோ என்ற சந்தேகமும் வந்தது. கடைசியில் காசநோய் என்றே முடிவானது. சானடோரியங்களில் மாறி மாறி சிகிச்சை. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானபோதும் உடம்பு தேறவில்லை.

1919-ல் ஊர் திரும்பினார். காவிரிக்கரையில் உள்ள கொடுமுடி, பிறகு கும்பகோணம், கடைசியாகச் சென்னை. எலும்பும் தோலுமாகிவிட்ட நிலையிலும், இறப்பதற்கு 3 மாதங்களுக்கு முன் புதிய கணிதக் கண்டுபிடிப்பைக் கடிதத்தில் எழுதி ஹார்டிக்கு அனுப்பினார்.

1994-ல் வந்த திருப்பம்

பழைய மருத்துவக் குறிப்புகளை அலசிய டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், 1994-ல் வேறொரு முடிவுக்கு வந்தார். அது, கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்று. சீதபேதியை உண்டாக்கும் அதே அமீபா, பல ஆண்டுகள் கழித்தும் கல்லீரலில் சீழ்க்கட்டியை ஏற்படுத்தலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், உடல் மெலிவு என அறிகுறிகள் காசநோய் போலவே தெரியும்.

இது ஏன் முக்கியம்? அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். ஆனால் அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசி மருந்து பலன் தருவதை, 1912-லேயே கொல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ் காட்டிவிட்டார். யங் சொல்வது சரியென்றால், ராமானுஜன் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. ஆனால் இதுவும் அனுமானம்தான். அன்று திசு எடுத்துப் பார்த்து யாரும் உறுதி செய்யவில்லை.

இன்று என்ன செய்வார்கள்?

கல்லீரலில் சீழ் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். நுரையீரலில் சந்தேகம் என்றால் முதலில் எக்ஸ்ரே, சளி பரிசோதனை. அதிலும் விடை கிடைக்காமல், ஸ்கேனில் கட்டி போல ஏதாவது தெரிந்தால், ஊசி பயாப்சி.

நோயாளியை சி.டி. ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து, மார்புப் பகுதியை மரத்துப்போகச் செய்வார்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தித் துளி திசுவை எடுப்பார்கள். காசநோயா, பூஞ்சைத் தொற்றா, வேறு அழற்சியா என்பதை ஆய்வகம் பார்த்துச் சொல்லும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது, சளியில் கொஞ்சம் ரத்தம் வருவது போன்ற சிக்கல்கள் சிலருக்கு வரலாம். அதனால் சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள்.

பயாப்சி என்றாலே கேன்சர்தான் என்று பயந்து, பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் உண்டு. அது கேன்சர் இல்லை, மருந்தில் குணமாகும் நோய்தான் என்று உறுதி செய்யவும் இதே பயாப்சிதான் உதவுகிறது. ராமானுஜனுக்குக் கிடைக்காத அந்த வசதி இன்று இருக்கிறது. டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது நல்லது.