காலராவின் நஞ்சைக் கண்டறிந்த சம்பு நாத் டே

நம் பாட்டிமார் காலத்தில் வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் நடுங்கும். காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் மாண்டுபோவதும் உண்டு. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் இந்நோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்தார். ஆனால் அது மனிதரை எவ்வாறு கொல்கிறது என்பது மேலும் 75 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. அப்புதிரை அவிழ்த்தவர் டாக்டர் சம்பு நாத் டே.

இவர் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். லண்டனில் ஆராய்ச்சி செய்து, 1949-இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்தே கொல்கிறது என்று பலர் எண்ணியிருந்தனர். டே குடலையே உற்று நோக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து வீங்கியிருந்தது! இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். பின்னர், கிருமிகளை அறவே வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் பெருகியது. கிருமி சுரக்கும் நஞ்சே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து வெளியேற்றுகிறது என்ற உண்மை 1959-இல் ‘நேச்சர்’ இதழ் வழியே உலகிற்குத் தெரிந்தது. கெட்ட உணவில் காணும் ஈ. கோலை கிருமிகள் சிலவும் குடலில் இவ்வாறே நீர் பெருகச் செய்வதை இதே முறையால் அவர் காட்டினார்.

காலராக் கிருமிகள் எல்லாம் கொடியவை அல்ல. நஞ்சை உண்டாக்கும் மரபணுவைப் பெற்றவையே கொள்ளைநோயை விளைவிக்கின்றன. அம்மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுசேர்ப்பது ஒரு வைரஸ் என்பது 1996-இல் தெரியவந்தது. இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் வழிதிறந்தது டேயின் கண்டுபிடிப்பே.

ஆயினும் தாய்நாடு அவரைப் போற்றத் தவறியது. பெரும் விருது எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. நோபல் பரிசு பெற்ற லெடர்பர்க், அப்பரிசுக்கு டேயின் பெயரைப் பரிந்துரைத்தார். 1978-இல் நோபல் நிறுவனம் அவரை ஸ்டாக்ஹோம் கருத்தரங்கிற்கு அழைத்துச் சிறப்பித்தது. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அன்புத் தோழியரே! புகழ் வராவிட்டாலும் உண்மையைத் தேடுவதை அவர் விடவில்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் தாகத்திற்கு நீர் பருகுமுன் அது தூயதா என்று பார்ப்போம். உண்ணுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவோம். அந்த நல்லறிஞரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.