நோர்வேக்கு முதலில் போன குருநகர்க்காரர்

நோர்வேயில் இன்று இலங்கையை வேராகக் கொண்டவர்கள் 15,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் முதல் ஆள் என்று ஒருவர் இருந்தார். பெயர் அன்ரனி இராஜேந்திரம். ஊர் யாழ்ப்பாணம் குருநகர். அவர் நோர்வேக்குப் போன ஆண்டு 1956.

அவர் அகதியாகப் போனவர் அல்லர். தனிச்சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அதுதான் என்றாலும், வெளிநாட்டுக்கு ஓடித் தப்புவது என்ற எண்ணமே அப்போது எங்கள் மக்களிடம் இருக்கவில்லை. படித்தவர்கள் லண்டனுக்குப் போனார்கள், மலாயாவுக்குப் போனவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தார்கள். நோர்வே என்ற பெயர் புவியியல் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அந்த நாடும் இன்றைய பணக்கார நாடு அல்ல. வடகடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969இல்தான். 1956இல் நோர்வே என்றால் மீன், மரம், கப்பல்.

கடற்கரை ஊரில் பிறந்த ஒருவருக்கு அதில் மீன் கண்ணில் படுவது இயல்பு. இராஜேந்திரம் அங்கே இரு சக்கர வண்டியில் போய்ச் சேர்ந்தார் என்பது நோர்வேத் தமிழர் மத்தியில் இன்றும் சொல்லப்படும் கதை. ஸ்கூட்டர் என்பார் சிலர், மோட்டார் சைக்கிள் என்பார் சிலர். இரண்டு சில்லில்தான் வந்தார் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மீன்பிடியை நவீன முறையில் செய்யும் மக்களிடம் இருந்து கற்று, அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. அது வெறும் கனவும் அல்ல. 1952இல் கேரளத்தின் கொல்லம் கரையில் மீன்பிடி வளர்ச்சிக்காக நோர்வே இந்தியாவோடு உடன்பாடு செய்திருந்தது. அந்த நாடு வெளிநாட்டில் தொடங்கிய முதல் உதவித் திட்டமே அதுதான். (அந்தத் திட்டம் கொண்டுவந்த இழுவைப் படகுமுறை பிறகு எங்கெல்லாம் பரவியது, இன்று எங்கள் வடக்குக் கடலில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

இவரைப் பற்றி நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் அக்காவின் மகள். அவள் நோர்வேயில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். குடும்ப மரம் வரையச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய தோழி ஒருத்தி பத்துத் தலைமுறை எழுதிக் கொண்டுவந்தாளாம். இவளுக்கு மூன்றாவது தலைமுறையிலேயே பெயர் நின்றுவிட்டது. மாமாவுக்குத் தெரியும் என்று நம்பிக் கொலன்னாவைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

தோழிக்குப் பத்துத் தலைமுறை கிடைத்தது அவளுடைய கெட்டித்தனத்தால் அல்ல. நோர்வேயில் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் நூற்றாண்டுக் கணக்காகப் பதிவேட்டில் எழுதி வந்தன. 1801இல் நாடு முழுவதும் ஒவ்வொரு ஆளையும் பெயரோடு எழுதிய குடிசன மதிப்பீடு ஒன்று உண்டு. 1865இல் இன்னொன்று. ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பண்ணையில் எந்தக் குடும்பம் எப்போது இருந்தது என்று சொல்லும் ஊர்ப் புத்தகங்கள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் இவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கே கொலன்னாவையில் இருந்துகொண்டு, எனக்கு ஒரு சொந்தமும் இல்லாத ஸ்தவாங்கர் மீனவர் ஒருவருடைய பாட்டனின் பெயரை நான் கண்டுபிடிக்கலாம். என் சொந்தப் பாட்டனின் தகப்பன் பெயரைத்தான் எடுக்க முடியாது.

ஆனால் அந்த நோர்வேக்காரர்களும் ஒரு காலத்தில் எங்களைப் போல் பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்கள்தான். 1825 ஜூலையில் ஸ்தவாங்கரில் இருந்து ரெஸ்தவுராஷூன் என்ற சிறிய பாய்க்கப்பல் 52 பேரோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்தது. ஒக்டோபரில் நியூயோர்க்கில் இறங்கியபோது 53 பேர். அதன் பிறகு நூறு ஆண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தக் கப்பலுக்கும் முன்னால் ஓர் ஆள் போய் வழி பார்த்தார். கிளெங் பேர்சன் என்று பெயர். 1821இல் போய், திரும்பி வந்து செய்தி சொல்லி, மற்றவர்களை அனுப்பியவர். நோர்வே அமெரிக்கர்களுடைய குடும்பக் கதை எங்கே தொடங்கினாலும் அவரிடம் வந்து சேர்கிறது. எங்கள் கிளெங் பேர்சன் இராஜேந்திரம்.

வழி பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. நோர்வேயில் மதுவிலக்கு இளைஞர் இயக்கம் ஒன்று பலமாக இருந்தது. அந்த இளைஞர்கள் யாழ்ப்பாணத்து மீனவருக்காகப் பணம் சேர்த்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் மீனைக் குறிக்கும் சொற்களைச் சேர்த்து அந்த முயற்சிக்கு 'மாலு மீன்' என்று பெயர் வைத்தார்கள். 1967இல் அது சீநோர் என்ற நிறுவனமாக உருவெடுத்தது. சிலோன், நோர்வே என்ற இரண்டு நாட்டுப் பெயர்களின் முன்பாதிகளைச் சேர்த்த சொல். காரைநகரில் படகு கட்டும் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தன. நோர்வே இளைஞர்கள் காரைநகருக்கு வந்து தங்கி வேலை செய்தார்கள். போர்க்காலத்தில் நிவாரண வேலை செய்த போருட் நிறுவனத்தை எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1981இல் தொடங்கிய அந்த நிறுவனமும் அதே மதுவிலக்கு இயக்கத்தில் இருந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் மூளாய். பொன்னாலைப் பாலம் தாண்டினால் காரைநகர். அம்மாவின் தம்பி சீநோரில் தச்சு வேலை செய்தார். மாதச் சம்பளம், மதியச் சாப்பாட்டு மணி, வெள்ளைக்காரரோடு சேர்ந்து பலகை தூக்குவது எல்லாம் அந்தப் பக்கத்துக்குப் புதுசு. நான் சிறுவனாக இருந்த காலத்தில் நோர்வே என்ற சொல் எங்கள் வீட்டில் அடிபட்டது மாமாவின் சம்பளத்தால்தான். அந்த நாட்டில் எங்கள் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

குடிபோன வழி இப்படி. முதலில் இராஜேந்திரத்தோடு தொடர்புள்ள சிலர் போனார்கள். 1975இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. படிப்பதற்கு வருவோருக்குக் கதவு திறந்தே இருந்தது. அங்கே மக்கள் உயர்பள்ளி என்று ஒரு வகை விடுதிப் பள்ளி உண்டு. பரீட்சை இல்லை, ஒரு வருடம் தங்கிப் படிக்கலாம். அங்கே இடம் கிடைத்தால் மாணவர் விசா கிடைக்கும். எழுபதுகளின் கடைசியில் இருந்து யாழ்ப்பாணத்துப் பெடியள் அந்தப் பள்ளிகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். முகவரி கொடுத்தவர் ஏற்கெனவே போனவர். அவருக்கு முகவரி கொடுத்தவர் அவருக்கும் முதல் போனவர். 83 ஜூலைக்குப் பிறகு அந்தக் கடிதங்கள் பெருகின. பிறகு அகதி விண்ணப்பங்கள் வந்தன. என் அத்தான் 1987இல் போனார். சீநோரில் வேலை செய்த மாமாவின் நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த முகவரிதான் அவருக்குக் கிடைத்த ஒரே உதவி. போனவர்களில் பலர் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர்கள் அவை. எங்கள் ஊரில் மீன் வெட்டும் கத்தியைக் கையால் தொடாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே எட்டு மணி நேரம் நின்று மீன் வெட்டினார்கள்.

நோர்வேயில் இருக்கும் எங்கள் குடும்பங்கள் பல தங்கள் வரவைச் சொல்லும்போது விமானத்தில் இருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்னால் ஒரு கரையூர்க்காரர் இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. குருநகரின் பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாணத்தில் யார் யாருக்குக் கதவு திறப்பது, யார் வாசலில் நிற்பது என்று ஒரு கணக்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும். நோர்வேக் கதவை ஒரு கடற்கரை ஊர்க்காரர் திறந்தார். சைவ வேளாள வீடுகள் அந்த வழியால் உள்ளே போயின. என் குடும்பமும் அப்படிப் போனதுதான். மறதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, மருமகளின் மரத்துக்கு வருவோம். குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவு என்று ஒன்று உண்டு. ஆனால் அந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல. 1986 ஜூனில் மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கும் மேற்பட்ட குருநகர் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவே கிடையாது. பிறப்பு, இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1867இல். அதற்கு முன்னால் ஒல்லாந்தர் காலத் தோம்பு உண்டு. காணி, தலைவரி, சாதி என்று எழுதியிருப்பார்கள். ஆளைப் பற்றி அவர்களுக்கு வேண்டியது வரிதான்.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது சீதன உறுதி. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அப்பா ஒரு துணிப்பையில் கொண்டுவந்தது உறுதிகளையும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும்தான். நாங்கள் பிறகு வந்து சேர்ந்த கொலன்னாவையில் அதற்குப் பத்து நாள் முன்னர்தான் எண்ணெய்க் குதங்கள் எரிந்திருந்தன. அம்மம்மாவின் சீதன உறுதியில் காணியின் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, கிழக்கே யார், மேற்கே யார் என்று வரிசையாக இருக்கிறது. காணி தாய் வழியாக வந்ததால் பெண்களின் பெயர் விடாமல் வருகிறது. அம்மம்மா, அவருடைய தாய், அந்தத் தாயின் தாய் என மூன்று பெயர்கள் ஒரே தாளில் கிடைத்தன. சுற்றெல்லைக்காரரில் இருவர் ஒன்றுவிட்ட சகோதரர்கள். சீதன உறுதி வைத்திருப்பவர்கள் அதைக் காணித் தாளாக மட்டும் பார்க்காமல் ஒருமுறை பெயர்களுக்காக வாசித்துப் பாருங்கள். கொழும்பில் பொலிஸ் பதிவுக்காக நிரப்பிய படிவங்களின் பிரதிகளையும் வைத்திருக்கிறேன். வீட்டில் யார் யார், என்ன உறவு, எந்த ஊர், எப்போது வந்தவர் என்று எல்லாம் அதில் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு எடுத்த மிக ஒழுங்கான குடிசன மதிப்பீடு அதுதான் என்றால் சிரிப்பீர்கள்.

பெயரில்தான் மருமகள் தடுமாறினாள். அவளுடைய குடும்பப் பெயராக நோர்வேப் பதிவில் இருப்பது அத்தானின் தகப்பன் பெயர். அத்தானின் தம்பி கனடாவில் வேறு குடும்பப் பெயரோடு இருக்கிறார். தோழிகள் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அவர்களுடைய பாட்டன்மாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஹான்ஸின் மகன் ஹான்சன், அவனுடைய மகன் ஊலே என்றால் அந்த மகனின் பிள்ளைகள் ஊல்சன். பண்ணை மாறினால் பண்ணைப் பெயரும் மாறும். எல்லோரும் நிலையான ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நோர்வே சட்டம் போட்டது 1923இல்தான்.

காரைநகர்த் தளம் போரில் பாழடைந்து போனது. சீநோர் என்ற பெயர் மட்டும் சாகவில்லை. அது இப்போது கடற்றொழில் அமைச்சின் கீழ் உள்ள அரச நிறுவனம். படகு கட்டும் தளம் கொழும்பு மட்டக்குளியில் இருக்கிறது, கண்ணாடிநார்ப் படகுகள் செய்கிறார்கள். கொலன்னாவையில் இருந்து ஒருகொடவத்தைப் பக்கமாகப் போனால் அதிக தூரம் இல்லை. அந்தப் பெயரின் பின்பாதி எங்கிருந்து வந்தது என்று வாசலில் நின்ற இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் ஜப்பான் என்றார்.

இராஜேந்திரம் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் போன பிறகு நோர்வேயில் எடுத்த முதல் குடிசன மதிப்பீடு 1960ஆம் ஆண்டுக்கு உரியது. அங்கே நூறு வருடம் கழியாமல் பெயர் விபரங்களைத் திறக்க மாட்டார்கள். 1920ஆம் ஆண்டுத் தாள்களை 2020 டிசம்பரில்தான் திறந்தார்கள். ஆகவே இவருடைய காலத்துத் தாள்கள் 2060இல் வரும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் போனவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மருமகள் தன் மரத்தின் அடியில், உறவுக்கோடு போடாமல், இராஜேந்திரத்தின் பெயரை எழுதியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு ஒரு முதியவரைப் பார்க்கப் போய், அவர் யாரிடம் முகவரி வாங்கி வந்தார் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பெயரை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். காரைநகர்க்காரர்தான். அவரைத் தெரிந்தவர்கள் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள்.