வெயிலில் எந்திரம் ஓட்டிய பதிவாளர்
திருமலையில் 2002இல் சூரிய வெப்பத்தால் நீராவி எடுத்துச் சமைக்கக் கண்ணாடிகள் நிறுவப்பட்டதை வாசகர்கள் அறிவர். இவ்வித்தையில் நம் நாட்டு முன்னோடி வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர். 1870களில் பம்பாயில் துணைப் பதிவாளராக உத்தியோகம் பார்த்தவர்.

பிரான்சில் மூஷோ என்ற ஆசிரியர் வெள்ளி முலாமிட்ட உலோகப் புனலால் வெயிலைக் குவித்தார். அதற்குச் செலவு அதிகம், பளபளப்பும் மங்கிவிடும். விறகுக்கும் கரிக்கும் மாற்று தேடிய ஆடம்ஸ், அது நமக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டார். சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமாக வரிசையில் பொருத்தி, ஒளி முழுவதும் ஒரே கொதிகலனில் விழச் செய்தார். சூரியன் நகர நகர, ஓர் ஆள் சட்டத்தை நகர்த்தினால் போதும். இரண்டரைக் குதிரைச் சக்தி நீராவி எந்திரம் ஓடிற்று!

1878இல் அதை நூலாகவும் எழுதி வைத்தார். இன்றைய சூரியக் கோபுர மின் நிலையங்களிலும் அவர் யோசனையே வேலை செய்கிறது.